எர்த் கொடுக்காத வேன்

மஞ்சக்கல்பாளையத்தில் ஆனி மாதத்து முதல் சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, டயர் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில் நின்றிருந்த மில் வேன் ஒன்று தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. எழும்பி, அங்கேயே நின்றது. டயர் கடை அர்த்தநாரி, பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுக்காமலே குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தார். அந்தப் பக்கத்து இளநீர் மட்டைகளும், மட்டைகளுக்கு அப்பால் பஸ் ஸ்டாண்டுப் படிக்கட்டும், படிக்கட்டில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவளின் கால் கொலுசும் தெரிந்தன. சரி என்று சொல்லிவிட்டு ட்யூபில் குமிழி வருகிற இடத்தைத் தேட ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்கு ஏழு பஞ்சர் இருந்தது.

வேன் பொன்னுரங்கத்தினுடையது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய் நூல் மில்லில் விட்டு, ஷிப்டு முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்து கிராமங்களில் விடுகிற வேன். அதற்குள் பின்சீட்டுக்கு அடியில் சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தவள் குணவதி. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, பதினெட்டு வருடமாக அந்தப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கார்களுக்குப் பாட்டு செட் பொருத்தும் கடையை நடத்துகிறவள். வேலையை முடித்து, பாட்டைப் போட்டுவிட்டு, கதவு வழியாகக் காலைக் கீழே விட்டபோது தரை இருக்கவேண்டிய இடத்தில் தரை இல்லை. கால் காற்றில் கொஞ்சம் துழாவி அதைக் கண்டுபிடித்தது. அவள் இறங்கி நின்று, வேனைப் பார்த்து, பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். பொன்னுரங்கம் முகமெல்லாம் பூரித்துப்போய் நின்றிருந்தார்.

"இப்பத்தானுங்க பேஸ் சரியா வந்திருக்குது" என்றார்.

பாட்டின் அடிச்சத்தமான அந்த பேஸ் பதினான்கு மாதமாக வராமலே இருந்தது. முதலில் அவருடைய வேனில் ஒரு செட்டும் இரண்டு ஸ்பீக்கரும் மட்டும் இருந்தன. ஒரு சனிக்கிழமை வந்து சத்தம் அடி வயிற்றில் பிடிக்கவில்லை என்றார். அடி வயிற்றில் பிடிக்க வேண்டுமானால் சப்-ஊஃபர் வேண்டும், சப்-ஊஃபருக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று குணவதி சொன்னாள். பெட்டியின் மேல் ஆயிரத்து இருநூறு வாட் என்று பெரிதாகப் போட்டிருந்ததை அவர் கையில் எடுத்தபோது, அது அட்டைப் பெட்டியின் வாட்டுங்க, உள்ளே இருப்பதற்கு நூற்றைம்பதுதான் என்று சொல்லிக் கீழே வைக்க வைத்தாள். பத்து அங்குல சப்-ஊஃபர் போட்டாள். அடுத்த சனிக்கிழமை, கொஞ்சம் மெதுவாகப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். பன்னிரண்டு அங்குலம் போட்டாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை, மூடிய பெட்டியாக இருப்பதால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். துளை வைத்த பெட்டி செய்து கொடுத்தாள். ஆடியோ வயரும் கரண்ட் வயரும் ஒரே பக்கமாகப் போனால் எஞ்சின் இரைச்சல் பாட்டில் ஏறும் என்பதால் ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் கொண்டுபோயிருந்தாள். அப்படியிருந்தும் ஏதோ இரைகிறது என்று ஒரு சனிக்கிழமை வந்து, அரை மணி நேரம் இருவரும் காதைத் தீட்டிக் கேட்டு, கடைசியில் அது இளநீர் வண்டிக்காரரின் குறட்டை என்று கண்டுபிடித்தார்கள்.

ஊருக்கு இது என்னவென்று தெரிந்திருந்தது. பொன்னுரங்கத்தின் மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். குணவதிக்கு வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் என்கிற பேச்சு அவள் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, காபி குடித்து, ஜாதகத்தைப் பார்த்து, எழுந்து போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. வேனில் போகிற மில் பெண்களில் வாயாடியான ராசாமணி, "ரங்கண்ணா, உங்க பேஸ் அடிக்கற அடில எங்க டிபன் பாக்ஸ் மூடி தானா தெறந்துக்குது, இன்னும் என்ன கொறைன்னு அந்தக்காகிட்டப் போறீங்க?" என்று கேட்டால், அவர் கண்ணாடியைத் திருப்பிவைத்துக்கொண்டு பாட்டைக் கூட்டுவார். குணவதிக்கும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, ஏதாவது காரின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்திருக்கும்போது, இடது செருப்பை மட்டும் லேசாக இழுத்து வைக்கிற ஒரு நடை தெருவில் வருவது அவளுக்குக் கேட்கும். காதால் பிழைக்கிறவள். அந்தச் செருப்புச் சத்தத்தை ஆயிரம் செருப்பில் தனியாகப் பிரித்துவிடுவாள். பிரித்துவிட்டு, ஒன்றும் கேட்காதவள் போலப் படுத்திருப்பாள்.

அந்த ஆனிச் சனிக்கிழமை ஆம்ப்ளிஃபயரையே பெரிதாக மாற்றும் வேலை. பேட்டரியிலிருந்து விரல் தடிமன் சிவப்பு வயரை இழுத்து, பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வைத்து, உள்ளே கொண்டுவந்து முடித்தாயிற்று. மீதம் கறுப்பு வயர். சிவப்பு கொண்டுவருவதைக் கறுப்பு திருப்பிக் கொண்டுபோய் வண்டியின் இரும்பு உடம்பில் விட வேண்டும். அதைத்தான் எர்த் என்பார்கள். எர்த் சும்மா பிடிக்காது. போல்ட் போடுகிற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைப் பார்க்க வேண்டும். பொன்னுரங்கமோ வேனுக்கு அந்த வாரம்தான் உள்ளும் புறமும் சந்தன நிறம் அடித்திருந்தார். சுரண்டும் கத்தியைக் கண்டதும் இரண்டு கையாலும் அந்த இடத்தை மூடிக்கொண்டார். வேறு எங்காவது கொடுக்கலாமே என்றார். எங்கே கொடுத்தாலும் சுரண்டித்தான் ஆகவேண்டும் என்றாள் அவள். அவர் பேச்சை மாற்றுவதற்காக எதையோ தேடி, அவரே எதிர்பாராத ஒன்றைக் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, ஒவ்வொரு வண்டிலயும் வந்தவங்களுக்குப் புடிச்ச பாட்டத்தான் போட்டுப் பாக்கறீங்க. உங்களுக்கு என்ன புடிக்கும்னு நான் ஒருநாளும் கேக்கலீங்களே."

பதினெட்டு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. பக்திப் பாட்டும் கானாப் பாட்டும் உருமி மேளமுமாக ஊரில் உள்ளவர்களின் பிரியமெல்லாம் அவள் காது வழியாகப் போயிருக்கிறது; அவளுடையது எது என்று அவளுக்கே உடனே தெரியவில்லை. எதுன்னாலும் சரிங்க என்று சொல்லி, முகத்தை சீட்டுக்கு அடியில் கொண்டுபோனாள். கையிலிருந்த கறுப்பு வயர் நுனியைத் தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டுக்கு அடியில் செருகினாள். எழுந்து வந்து செட்டைப் போட்டாள்.

எர்த் இல்லாமல் ஆம்ப்ளிஃபயர் உயிர் பிடிக்காது. இது அவள் ஐ.டி.ஐ.யில் படித்தது, கையால் பல நூறு தடவை கண்டது. அன்றைக்கு அது பிடித்தது. எர்த் கொடுக்காத வேனைப் பூமியும் அதுபாட்டுக்கு விட்டுவிட்டது.

கடை மூடும்போது தட்டில் ஒரு போல்ட்டும் ஒரு பல் வாஷரும் மீந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. தெரு வரைக்கும் போய் நின்று பார்த்தாள். வேன் எப்போதோ போய்விட்டிருந்தது. போல்ட்டையும் வாஷரையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நாளைக்குக் கூப்பிட்டுச் சரி செய்துவிடலாம் என்று நினைத்தாள். குணவதி கை வைத்தால் குறை வராது என்று அந்த ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு ஒன்றுதான் அவள் சொந்தமாகச் சேர்த்தது. அதனால் நாளைக்கு என்பது நாளன்றைக்கு ஆயிற்று, நாளன்றைக்குள் ஊர் அந்த வேனைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டது.

பாட்டு ஓடினால் வேன் எழும்பும், பாட்டை நிறுத்தினால் கோழி அடைகாக்க உட்காருவதுபோல இறங்கும். சக்கரம் எதையும் தொடாமல் சுற்றியது, ஆனாலும் வண்டி போனது. எப்படிப் போகிறது என்று கேட்டவர்களிடம் பொன்னுரங்கம், சக்கரம் சுற்றுகிறதல்லவா, பிறகு போகாதா என்றார். குழியும் மேடுமாக இருந்த மில் ரோட்டில் பெண்கள் முதல் தடவையாகத் தூங்கிக்கொண்டு போனார்கள். இறங்கிய பிறகும் அவர்கள் சாயங்காலம் வரை தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலேயே நடந்தார்கள். எட்டு மணி நேரம் மெஷினுக்கு மெஷின் ஓடுகிற கால்கள், எட்டு மணி நேரம் எதன் மேலும் படாமல் ஓடின. ராசாமணியின் மாமியார் மூட்டுவலிக்காரி. ஒருநாள் மருமகளோடு சும்மா வேனில் ஏறி மில் கேட் வரை போய்த் திரும்பி வந்தாள். இறங்கிப் பத்து வருடமாகப் போகாத முருகன் கோயில் படிக்கட்டைப் பார்த்தாள். ஏறினாள். மூட்டுக்கு அது தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு பகல் ஷிப்டுக்கும் சாயங்கால ஷிப்டுக்கும் நடுவில் வேன் பஸ் ஸ்டாண்டில் நிற்பதும், முழங்கால் வலிக்காரர்கள் வரிசையாக ஏறி ஒரு சுற்று வந்து இறங்குவதும் வழக்கமாயிற்று. பள்ளிவாசல் மோதினாரின் தாயாரும், தபால்காரரும், நாற்பது வருடம் தறியில் நின்ற மூன்று அண்ணன் தம்பிகளும் முதல் வரிசைக்காரர்கள். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடையில் ஒரு விரற்கடை கூட்டித் தைக்க ஆரம்பித்தார்கள். நிற்கிற வேனுக்கு அடியில் நிழல் நன்றாக விழுகிறதென்று பூக்காரி தன் கூடையை அங்கே மாற்றிக்கொண்டாள். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தரையைத் தொடாத வண்டிக்குப் படிவத்தில் இடம் எதுவும் இல்லாததால், டயர் தேய்மானம் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தம் மனைவியின் முழங்காலுக்கு எந்தக் கிழமை வரலாம் என்று விசாரித்தார். அர்த்தநாரி ஒருவர்தான் குறைப்பட்டுக்கொண்டார். எல்லா வண்டியும் இப்படிக் கிளம்பிவிட்டால் நான் டயரைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வதா என்று குணவதியிடம் கேட்டார். சொல்லிவிட்டு அவரும் இடுப்பு வலிக்கு ஒரு சுற்றுப் போய் வந்தார்.

பொன்னுரங்கம் எல்லோரிடமும் ஒரே பதில் வைத்திருந்தார். குணவதியம்மா வயரிங்குங்க, என்பார். ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் கார்கள் வந்து அதே வயரிங் வேண்டுமென்று நின்றன. அவள் ஒவ்வொன்றுக்கும் பெயிண்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, இறுக்கி, ஒழுங்காக எர்த் கொடுத்தாள்; ஒரு காரும் எழும்பவில்லை. தொழில் ரகசியத்தைக் காட்டமாட்டேன் என்கிறாள், காரியக்காரி என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் சட்டைப் பையிலிருந்த போல்ட் கொஞ்சம் கனத்தது.

அதையும் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது சனிக்கிழமை. இரண்டாவது சனிக்கிழமை அவர் வரவில்லை. மூன்றாவதும் வரவில்லை. தெருவில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் விரற்கடை உயரத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் செருப்புச் சத்தமே மெலிந்துவிட்டதை அந்த ஊரில் அவள் ஒருத்திதான் கவனித்தாள். வந்தாலும் கேட்காதோ என்று நினைத்து, பதினொன்றரை மணிக்கு டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். நான்காவது வாரம் பேட்டரி கிளிப் வாங்க வந்த ராசாமணியிடம், பார்த்ததையும் பார்க்காததையும் சுற்றிவளைத்து, கடைசியில் வேன் செட்டில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டாள்.

"தொந்தரவு ஒண்ணும் இல்லீங்க்கா, அதுதான் அந்தண்ணனுக்குத் தொந்தரவு" என்றாள் ராசாமணி. "தெனமும் உங்க கடை முன்னால வந்து வண்டிய மெதுவாக்கறாரு. காதை வெச்சுக் கேட்டுப் பாக்கறாரு. ஒரு கொறையும் கெடைக்க மாட்டேங்குது. என்னன்னு சொல்லிக்கிட்டு உள்ள வர்றதுன்னு அவருக்குத் தெரியலீங்க்கா, போயிடறாரு."

அன்றிரவு குணவதி போல்ட்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். தான் செய்த ஒரே பிழை, பிழையே இல்லாததாகப் போய்விட்டது. பிழை இல்லாததால் அவர் வருவதற்கு வழியும் இல்லாமல் போய்விட்டது. தான் போய்ச் சொன்னால் பதினெட்டு வருடப் பேர் போகும், ஊரின் முழங்கால்கள் திரும்ப வலிக்கும். இதை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாலும் சுரண்டாமல் முடியாது என்று தெரிந்தது. தெரிந்தும் அவள் போகவில்லை.

வேன்தான் போனது, மேலே. முதல் வாரம் சாண் உயரம்; இரண்டாவது வாரம் முழ உயரம்; ஆனி முடியும்போது இடுப்பளவு. மூன்றாவது வாரத்திலிருந்து பாட்டை நிறுத்தினாலும் பாதிதான் இறங்கியது. ஆடி பிறந்து காற்றுக் கிளம்பியதும் இறங்குவதையே விட்டுவிட்டது. மில் பெண்கள் முதலில் முக்காலி போட்டு ஏறினார்கள், பிறகு ஸ்டூல், பிறகு அர்த்தநாரியின் ஏணி. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது வேன் பட்டம் போலக் கிழக்கே நகர்ந்தது. அதனால் எந்தக் கட்சியுடையது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு பழைய கொடிக்கம்பத்தில் அதைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினார்கள். எந்நேரமும் அதிலேயே இருந்த பொன்னுரங்கத்துக்கு விரற்கடை கணக்கெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. மஞ்சக்கல்பாளையத்தில் சீட் பெல்ட் போட்டுக்கொண்ட ஒரே டிரைவர் அவர்தான். போடாவிட்டால் தலை கூரையில் முட்டியது. கீழே இறங்கினால் நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். ஊர் இதற்கும் பழகியது. டீக்கடையிலிருந்து அவருக்கான டீயைத் தூக்கில் ஊற்றி, கம்பு நுனியில் மாட்டி மேலே நீட்டினார்கள்.

ஆடிப் பெருக்கன்று முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் வேனிலேயே காவிரிக்குப் போவதென்று தீர்மானமாயிற்று. எலுமிச்சம்பழச் சோறும் தேங்காய்ச் சோறும் தூக்குகளில் ஏற்றியாயிற்று. வேன் அர்த்தநாரி கடையின் தகரக் கூரைக்கு மேலே நின்று காற்றில் ஆடியது. கயிற்றை அவிழ்த்ததும் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. காவிரி கிழக்கே இருந்தது, காற்றும் கிழக்கே அடித்தது, அதுவே நல்ல சகுனம் என்றார் தபால்காரர். குணவதி கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். காவிரிக்கு அப்புறமும் கிழக்கு இருக்கிறது. அதற்கப்புறம் கடல் இருக்கிறது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷன், ஒரு குறையும் இல்லாமல், அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பதை நினைத்தாள். சட்டைப் பையில் கையை விட்டாள்.

கொடிக்கம்பத்துக்குப் போய், முடிச்சில் கை வைத்திருந்த அர்த்தநாரியைக் கையை எடுக்கச் சொன்னாள். எல்லோரும் பார்த்தார்கள். உள்ளங்கையை விரித்து போல்ட்டைக் காட்டினாள்.

"இது அந்த வண்டில இருக்க வேண்டியதுங்க. எர்த் குடுக்க மறந்துட்டேனுங்க நானு. ஏழு வாரமாத் தெரியும். சொல்லல."

 ராசாமணியின் மாமியார், விரற்கடை உயரத்தில் நின்றபடி, மிகவும் தயவான குரலில் சொன்னாள்.

"மறந்தது மறந்ததாவே இருக்கட்டும் அம்மிணி. நாங்க கேக்க மாட்டோம்."

மற்றவர்களும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். மறதி எல்லோருக்கும் வருவதுதான் என்றார் மோதினாரின் தாயார். இப்படி ஒரு மறதி வர நீ கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார் தறிக்கார அண்ணன்களில் மூத்தவர். மறதியைச் சரிசெய்யப் போகிறேன் என்றால்தான் கோபம் வரும் போலிருந்தது. இரண்டு பேர் ஏணியை எடுத்து மறைத்துவைக்கக்கூடப் போனார்கள். குணவதி ஏணியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் முழங்காலெல்லாம் தனக்கு முக்கியம்தான், ஆனால் இன்னும் ஒரு வாரத்தில் இந்த ஏணியே எட்டாது, எட்டாத வேனில் யார் ஏறுவது என்று கேட்டாள். அது அவர்களுக்கு யோசனையாக இருந்தது. மாமியார் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேலே ஆடிக்கொண்டிருந்த வேனைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள்.

"எங்க மூட்டுக்காக ஏறற மாதிரி எனக்குத் தெரியலியே" என்றாள். "சரி, ஏறு. ஏணிய நாங்க புடிச்சுக்கறோம்."

அத்தனை பேரும் பிடித்தார்கள். குணவதி ஸ்பேனரையும் சுரண்டும் கத்தியையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள்.

உள்ளே பழைய டூயட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் பெல்ட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளியோடு மிதந்தபடி அவளைப் பார்த்தார். கீழே அவள் சொன்னதெல்லாம் கேட்டிருந்தது. அவள் பின்சீட்டுக்கு அடியில் மண்டியிட்டு ரப்பர் மேட்டை விலக்கினாள். கறுப்பு வயர் அவள் செருகிய இடத்திலேயே, ஏழு வாரமாக எதையும் தொடாமல் இருந்தது.

"சுரண்டோணுமுங்க" என்றாள்.

"சுரண்டுங்க" என்றார்.

கத்தியை எடுத்தாள். சந்தன நிறம் பொடிப்பொடியாகப் போனது. அதற்கு அடியில் வெள்ளை இருந்தது. அதற்கும் அடியில் நல்ல ஆகாய நீலம் வந்தது. முன்னால் இருந்து அவர் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"நீலம் அவ கேட்ட கலருங்க" என்றார், மெதுவாக. "வண்டி வாங்கின புதுசுல."

அவள் கத்தியை நிறுத்தினாள். வேன் காற்றில் ஒரு தடவை ஆடி நின்றது. கீழே ஏணியைப் பிடித்திருந்தவர்களில் யாரோ இருமினார்கள். அவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, சீட்டு மேல் கையை வைத்துப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். வந்து, அந்த நீலத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சுரண்டுங்க" என்றார் மறுபடியும். "இரும்பு தெரிஞ்சாத்தான் புடிக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அவள் சுற்றிலும் நீலம் ஒரு வளையமாக நிற்கும்படி நடுவில் மட்டும் சுரண்டினாள். ஒரு ரூபாய் அளவுக்கு வெறும் இரும்பு பளிச்சென்று வந்தது. வயர் நுனியை வைத்தாள், பல் வாஷரை வைத்தாள், போல்ட்டை விரலால் திருகி நிறுத்தினாள். ஸ்பேனரை எடுக்கவில்லை.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே" என்றாள். "எனக்கு என்ன புடிக்கும்னு."

"ஆமாங்க."

"பாட்டு ஒண்ணு முடிஞ்சு, அடுத்தது வர்றதுக்கு முன்னால துளியூண்டு ஒரு எடம் இருக்குதுங்கல்ல. அது புடிக்கும். அதுல எந்த செட்டுலயும் கொறை இருக்காதுங்க."

டூயட் முடிகிற நேரம் அது. இரண்டு குரலும் சேர்ந்து ஒரு சுற்றுப் போய், தபேலா அடங்கி, நின்றது. அந்தத் துளியூண்டு இடத்தில் காற்றும் இல்லை, கீழே ஊரும் இல்லை. பொன்னுரங்கம் பதினான்கு மாதமாகச் சந்தன நிறம் அடித்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சுரண்டினார்.

"பேஸ்ல ஒரு கொறையும் இருந்ததில்லீங்க" என்றார். "மொத நாள்ல இருந்தே."

குணவதி ஸ்பேனரைப் போட்டு இறுக்கினாள்.

வேன் இறங்கியது. அவசரப்படாமல், தகரக் கூரையைத் தாண்டி, இடுப்பளவு உயரத்தைத் தாண்டி, முழத்தைத் தாண்டி, சாணைத் தாண்டி, பூக்காரி கூடையை இழுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்து இறங்கி, நான்கு டயரும் ஒரே சமயத்தில் தார் ரோட்டில் உட்கார்ந்தன. அதே கணத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரும் ஒரு விரற்கடை கீழே வந்தார்கள். நூறு செருப்பும் இருநூறு மெட்டியும் கொலுசுமாக ஒரே ஒரு 'தொப்' கேட்டது. அந்தச் சத்தம் இத்தனை நாள் இல்லாமல் இருந்ததென்பது ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. ராசாமணியின் மாமியார், "அய்யோ, என் மூட்டு" என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, வேன் கதவு வழியாக முதலில் பொன்னுரங்கம் இறங்கி, காலைத் தரையில் ஊன்றிப் பார்த்து, பிறகு கையை நீட்டுவதையும், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குணவதி இறங்குவதையும் பார்த்து, வலியை மறந்து சிரித்தாள். சோற்றுத் தூக்குகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் டவுன் பஸ்ஸில் காவிரிக்குப் போனார்கள்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. ஊர் ஒரு நிபந்தனை போட்டுத்தான் பந்தலுக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு குணவதி பின்சீட்டுக்கு அடியில் போய் அந்த போல்ட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்துவாள். முழுச் சுற்று என்று கெஞ்சினாலும் கேட்கமாட்டாள். வேன் சாண் உயரத்துக்கு எழும்பி, முழங்கால் வலிக்காரர்களோடு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரும். திங்கட்கிழமை காலை வரை அவர்களுக்கு வலி தெரியாது. செவ்வாய்க்கிழமை வலிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள். நீல வளையம் இன்னும் இருக்கிறது. வேனுக்கு மறுபடி இரண்டு தடவை பெயிண்ட் அடித்தபோதும் அந்த ஒரு ரூபாய் இடத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அடித்தார்கள்.

கடைக்குப் பின்னாலேயே ஒரு வீடு பார்த்துக் குடியிருக்கிறார்கள். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் கதவு ஒன்று உண்டு. ஆனால் சனிக்கிழமை பதினொன்றரை ஆகப்போகிறதென்றால் பொன்னுரங்கம் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டு, கொல்லை வழியாக வெளியே போய், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, அர்த்தநாரிக்கும் இளநீர் வண்டிக்காரருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கடைக்கு வருகிறவர்கள் வருகிற வழியாகவே வருவார். ஏதோ ஒரு காரின் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்திருக்கிற குணவதிக்கு, தெருமுனை திரும்பும்போதே, தரையில் இடது செருப்பை மட்டும் லேசாக இழுத்து வைக்கிற அந்தச் சத்தம் கேட்கும். டார்ச்சை அணைத்துவிட்டு, செட்டின் சத்தத்தையும் குறைத்துவிட்டு, ஒன்றும் கேட்காதவள் போல அப்படியே படுத்திருப்பாள்.